பவுன்சர் வந்தால் கால் ஏன் ஸ்கொயர் லெக் பக்கம் ஓடுகிறது?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து சென்னைக்குப் படிக்க வந்திருக்கும் 19 வயது வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சாரத்தை மட்டும் தருகிறேன்:

"சார், ஊரில் மேட்டிங் விக்கெட்டில் ஆடும்போது, முன்னாலேயே குத்தி எழும்பி வரும் ஷார்ட் பாலை லெக் பக்கம் இழுத்து அடிக்கும் புல் ஷாட்தான் என் பலம். இங்கே ஒரு லீக் கிளப்பில் சேர்ந்து டர்ஃபில் (மண் ஆடுகளத்தில்) ஆட ஆரம்பித்ததும் அதே ஷாட்டில் இரண்டு தடவை பேட்டின் மேல் விளிம்பில் பட்டு டாப் எட்ஜ் ஆகி அவுட். அடுத்த மேட்சில் ஒரு ஷார்ட் பால் ஹெல்மெட்டில் காதுக்கு மேலே அடித்தது. வலியைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து ஆடினேன். அன்றிலிருந்து யார் வேகமாக ஓடி வந்தாலும் என் கால் தானாக ஸ்கொயர் லெக் பக்கம், அதாவது பந்தின் வழியை விட்டு முதுகுப் பக்கமாக, போகிறது. டீமில் பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் செய்கிறார்கள். புல் அடிப்பதையே விட்டுவிடட்டுமா? கேப்டனிடம் சொல்லி மூன்றாவதாக இறங்குவதை மாற்றி ஆறாவதாகப் போகட்டுமா?"

தம்பி, காலைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்த ஹெல்மெட் அடி. "வலியைப் பொருட்படுத்தாமல்" என்று கொஞ்சம் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் படிக்கும்போது கோபம்தான் வந்தது. தலையில் பந்து பட்டவன் நேராக நிற்கிறான், தெளிவாகப் பேசுகிறான் என்பதை மட்டும் வைத்து அவனுக்கு ஒன்றுமில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. 2019 ஆஷஸ் தொடரில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் போட்ட பவுன்சர் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. அப்போது அவர் 80 ரன். வெளியே போய், பரிசோதனை முடிந்து, திரும்பி வந்து 92 வரை ஆடினார். மறுநாள் காலையில்தான் தலைக்குள் ஏற்பட்ட அதிர்வின் அறிகுறிகள் தெரிந்தன, அந்த மேட்சிலிருந்து விலகினார், மார்னஸ் லபுஷேன் அவருக்குப் பதிலாக இறங்கினார். டெஸ்ட் வரலாற்றில் அப்படி இறங்கிய முதல் மாற்று ஆட்டக்காரர் அவர்தான். பக்கத்திலேயே டாக்டரை வைத்திருக்கும் அணிக்கே அந்த நிலைமை. உங்கள் லீக் மைதானத்தில் அதிகபட்சம் ஒரு ஸ்பிரே டப்பா இருந்திருக்கும்.

அதனால் இந்தப் பதிலில் மற்றதைப் படிக்கும் முன்னால், அந்த அடிக்குப் பிறகு தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி உணர்வு, வெளிச்சம் கூசுவது, படித்தது மனதில் நிற்காமல் போவது, வழக்கத்துக்கு மாறான தூக்கம், இதில் ஏதாவது இருந்ததா, இப்போதும் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால் நெட்ஸை மறந்துவிட்டு டாக்டரிடம் போங்கள். எதுவுமே இல்லை என்றாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. இனிமேல் எப்போது தலையில் பட்டாலும் அன்றைய ஆட்டம் உங்களுக்கு அத்தோடு முடிந்தது, யார் என்ன சொன்னாலும் சரி.

அந்த ஹெல்மெட்டையும் தூக்கிப் போடுங்கள். வெளியே விரிசல் தெரியவில்லை என்பதால் அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, உள்ளே இருக்கும் பொருள் அடியை வாங்கி நசுங்கியிருக்கலாம். கிளப் கிட்பேக்கில் கிடப்பதை எடுத்துப் போடாமல் சொந்தமாக ஒன்று வாங்குங்கள், பேட்டில் ஆயிரம் இரண்டாயிரம் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. முகப்புக் கம்பிக்கும் மேல் விளிம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் பந்து நுழையக் கூடாது. பின்கழுத்தை மறைக்கும் கார்டு தனியாகக் கிடைக்கிறது, அதையும் மாட்டுங்கள். 2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஃபிலிப் ஹியூஸ் ஹெல்மெட் போட்டுத்தான் ஆடிக்கொண்டிருந்தார், பந்து பட்டது ஹெல்மெட்டுக்குக் கீழே, இடது காதுக்கு அடியில் கழுத்தில். அவர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கார்டுகள் பரவலாக வந்தன. செஸ்ட் கார்டும் ஆர்ம் கார்டும் போட்டால் பயந்தவன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம். விலாவில் பட்டால் வலிக்காது என்று தெரிந்தவனுக்குத்தான் பந்தைக் கடைசிவரை பார்க்கும் பொறுமை வரும்.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை, அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. 1983 தொடக்கத்தில் வெஸ்ட் இண்டீஸில் நம்ம மொஹிந்தர் அமர்நாத் அந்த வேகப் படைக்கு எதிராக 598 ரன் எடுத்தார். பார்படாஸில் அவர்களுடைய மால்கம் மார்ஷலின் பந்து வாயில் பட்டுத் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஹூக் (தலை உயரத்துக்கு வரும் பந்தை லெக் பக்கம் சுழற்றி அடிப்பது) ஆடினார். தைரியத்துக்கு இதைவிட உதாரணம் கிடையாது. அதே ஆண்டு கடைசியில் அதே வெஸ்ட் இண்டீஸ் இந்தியாவுக்கு வந்தபோது அதே அமர்நாத் 6 இன்னிங்ஸில் எடுத்தது மொத்தம் 1 ரன். சில மாதத்தில் அவருடைய தைரியம் எங்கே போயிருக்கும்? எங்கும் போகவில்லை. ஷார்ட் பாலை ஆடுவதில் தைரியத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சின்னது. அதனால் கிண்டல் செய்கிறவர்களை விடுங்கள், அதில் பாதிப் பேர் ஒன்பதாவது பத்தாவதாக இறங்குகிறவர்களாக இருப்பார்கள்.

இப்போது கால். "கால் தானாகப் போகிறது" என்கிறீர்கள். கால் முதலில் போவதில்லை, தலைதான் முதலில் போகிறது. பவுலர் பந்தை விடும் அந்த நேரத்தில் உங்கள் தலை இடுப்புக்கு மேலேயிருந்து லெக் சைடு பக்கம் ஒரு சின்ன சாய்வு சாய்ந்திருக்கும், உங்களுக்கே தெரியாது. தலை சாய்ந்தால் எடை அந்தப் பக்கம் போகும், விழாமல் இருக்கக் கால் பின்னால் ஓடும். அதனால் "காலை நகர்த்தாதே" என்று கத்தும் பயிற்சியாளர்களால் இந்தப் பழக்கம் சரியாவதே இல்லை. குதிகாலுக்குப் பின்னால் ஸ்டம்ப்பைக் கிடத்தி வைப்பது, செங்கல் வைப்பது என்றெல்லாம் செய்கிறார்கள், லெதர் பந்தில் அதைச் செய்தால் தடுக்கி விழுந்து கணுக்கால் போகும். தயவுசெய்து வேண்டாம்.

தலை ஏன் சாய்கிறது? நேரக் கணக்கைப் பாருங்கள். உங்களுக்கு வீசுகிறவர் மணிக்கு 125 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கையை விட்ட பந்து உங்களிடம் வர ஏறக்குறைய அரை நொடி. கண் பார்த்து உடம்பு அசைய ஆரம்பிக்கவே அதில் 0.2 நொடி போய்விடும். மிச்சம் இருப்பதில் ஒரு முடிவுதான் எடுக்க முடியும், எடுத்ததை மாற்ற நேரம் கிடையாது. தலையில் அடி வாங்கிய ஒருவன் என்ன செய்கிறான் என்றால், அந்த முடிவைப் பவுலர் ஓடி வரும்போதே எடுத்துவிடுகிறான்: "இது பவுன்சர்தான்." பந்து இன்னும் அவர் கையில் இருக்கிறது, நீங்கள் ஏற்கெனவே ஒதுங்க ஆரம்பித்துவிட்டீர்கள். உங்கள் பிரச்சினையே இதுதான். பந்தைப் பார்த்து ஆடுவதற்குப் பதிலாக, வரப்போகும் பந்தைக் கற்பனை செய்து ஆடுகிறீர்கள். டாப் எட்ஜ் ஆன அந்த இரண்டு புல் ஷாட்டிலும் நடந்தது இதேதான் என்று பந்தயம் கட்டுவேன், அங்கே "அடிக்கிறேன்" என்று முன்கூட்டியே முடிவு, இங்கே "ஓடுகிறேன்" என்று முன்கூட்டியே முடிவு.

மேட்டிங் இதை மறைத்துவிட்டது. பாயை இழுத்துக் கட்டிய விக்கெட்டில் பந்து நன்றாக எழும்பும், அதைவிட முக்கியமாக ஒரே மாதிரி எழும்பும். ஒரு ஓவர் ஆடிவிட்டால் எந்த இடத்தில் குத்தினால் எந்த உயரத்துக்கு வரும் என்று கைக்குப் பழகிவிடும். அங்கே முன்கூட்டியே முடிவெடுத்துப் புல் அடித்தாலும் பந்து எதிர்பார்த்த இடத்தில் வந்து நிற்கும். டர்ஃபில் அப்படி இல்லை. காலை ஈரத்தில் ஒன்று விறுவிறுவென்று வரும், அதே இடத்தில் குத்திய அடுத்தது நின்று வரும், மதியத்துக்கு மேல் ஒன்று முழங்காலுக்கு மேலே எழும்பவே எழும்பாது. ஊரில் கற்றுக்கொண்டதில் தவறு ஒன்றுமில்லை. மேட்டிங்கில் வளர்ந்தவர்களுக்குப் பின்னங்காலில் ஆடுவது இயல்பாக வரும், சென்னையில் மெதுவான டர்ஃபிலேயே வளர்ந்த பையன்களில் பலருக்கு அது கடைசிவரை வராது. உங்களிடம் இருக்கும் ஷாட் நல்ல ஷாட். எப்போது அடிக்கிறீர்கள் என்பதில்தான் கோளாறு.

சரி, லெங்த்தை, அதாவது பந்து எங்கே குத்தப் போகிறது என்பதை, எப்படிச் சீக்கிரம் பார்ப்பது? பவுலரின் கையைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், கையில் எதைப் பார்ப்பது என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் காலடிப் பக்கம் குத்தும் ஃபுல் பந்தைச் சற்று முன்னதாக விட வேண்டும், ஷார்ட் பந்தைச் சற்றுத் தாமதமாகக் கீழே இழுத்து விட வேண்டும். ஆகவே கையை விட்டதும் பந்து உங்கள் கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி இருந்தால் ஃபுல், உடனே கீழ்நோக்கிக் குத்தப் போகிற மாதிரி இருந்தால் ஷார்ட். நிறைய பவுலர்கள் பவுன்சருக்கு உடம்பை அதிகமாக வளைப்பார்கள், தலை இடது பக்கம் விழும், ஓட்டத்தில் கடைசி சில எட்டு வேகமாகும். இதெல்லாம் துணைக்குத்தான், பந்துதான் முக்கியம். இதைப் பார்க்க உங்கள் தலை அந்த நேரத்தில் அசையாமல் இருக்க வேண்டும். முன்கூட்டியே ஒரு சின்ன அசைவு வைத்துக்கொள்வது நல்லது: பின்னங்காலை பின்னுக்கும் ஆஃப் ஸ்டம்ப் பக்கமும் ஒரு சின்ன எட்டு. ஆனால் பந்து கையை விடும்போது அது முடிந்து, எடை இரண்டு பாதத்தின் முன்பகுதியில் சமமாக நிற்க வேண்டும். அந்த நேரத்தில் இன்னும் அசைந்துகொண்டிருந்தால் அந்த எட்டே வேண்டாம். ஆஃப் பக்கம் நகர்வது இன்னொரு விதத்திலும் உதவும், உடம்பைக் குறிவைத்த பந்து இப்போது உங்களுக்கு லெக் சைடில் போகும்.

முதலில் விடக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு வழி இருக்கிறது. தலைக்கு மேலே போகப்போகும் பந்துக்குக் குனிவது, தொண்டை, தோள் உயரத்தில் வரும் பந்துக்கு இடுப்பிலிருந்து பின்னால் சாய்ந்து வழி விடுவது. இரண்டிலும் கண் பந்தை விட்டு விலகக் கூடாது, இரண்டிலும் கை கீழே இறங்க வேண்டும். குனியும்போது பேட்டை மேலேயே நீட்டிக்கொண்டிருப்பவன் கிளவுஸில் பட்டுக் கீப்பரிடம் கேட்ச் கொடுப்பான். அடி வாங்குகிற பலரும் கண்ணை எடுத்துவிட்டுக் குனிகிறவர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஹெல்மெட்டின் பின்பக்கத்தைத்தான் பந்துக்குக் காட்டுகிறோம். நம்மூர் டர்ஃபில் குனிவதைவிடச் சாய்வதையே நான் அதிகம் சொல்லிக்கொடுப்பேன், ஏனென்றால் எழும்பும் என்று நினைத்துக் குனிந்தபின் பந்து எழும்பாவிட்டால் கதை கந்தல். 1999 டிசம்பரில் அடிலெய்டில் மெக்ராத்தின் பந்துக்கு சச்சின் குனிந்தார், பந்து எழும்பவில்லை, தோளில் பட்டது, நடுவர் எல்பிடபிள்யூ கொடுத்துவிட்டார். ரன் பூஜ்யம். அவருக்கே அது நடந்தது என்றால் மதியம் மூன்று மணிக்கு உங்கள் மைதானத்தில் நடக்காதா?

ஆனால் தம்பி, தலைக்கு வருகிற பந்து உங்கள் உண்மையான எதிரி கிடையாது. விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டெஸ்டிலும் ஒருநாள் போட்டியிலும் ஓவருக்கு 2 பவுன்சர், ஐபிஎல்லில் 2024 முதல் 2, சர்வதேச டி20யில் 1. இந்தக் கணக்கெல்லாம் தோளுக்கு மேலே போகும் பந்துக்குத்தான். விலாவுக்கும் அக்குளுக்கும் வரும் பந்துக்குக் கணக்கே கிடையாது, ஆறு பந்தும் அங்கேயே போடலாம். நியூசிலாந்தின் நீல் வாக்னர் பெரிய வேகக்காரர் அல்ல, பெரும்பாலும் 130 பக்கம்தான், இடது கையால் அந்த ஒரு இடத்தைக் குறிவைத்து லெக் சைடில் ஆட்களை நிறுத்தி ஓவர் ஓவராகப் போட்டு உலகத்தின் நல்ல நல்ல பேட்ஸ்மேன்களைத் திணறடித்தார். குனிய முடியாது, சாய நேரமில்லை, அடிக்க இடமில்லை. உங்களுக்கும் லீக்கில் இனி வரப்போவது இதுதான், ஏனென்றால் கால் ஒதுங்குகிறது என்ற செய்தி இந்நேரம் மற்ற கிளப்புகளுக்குப் போயிருக்கும்.

இதை ஆடப் பின்னங்கால் பின்னாலும் ஆஃப் பக்கமும் போக வேண்டும், பாதத்தை கிரீஸுக்கு இணையாகப் பூட்டிவிடாமல் கட்டைவிரலைக் கவர் பக்கமாகக் கொஞ்சம் திறந்து வையுங்கள். பழைய பாடப்படி முழுக்கப் பக்கவாட்டில் நின்றால் விலாவுக்கு வருகிற பந்துக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. இடுப்பு கொஞ்சம் திறந்திருந்தால் நெஞ்சு பந்தைப் பார்க்கும், கைகளுக்கு இடம் கிடைக்கும். கால் விரல்களில் எழும்பி நில்லுங்கள், முன் முழங்கை உயரட்டும். பேட்டின் முகம் தரையைப் பார்த்து லேசாகச் சாயட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் கீழ்க்கை. உங்களுக்கு வலது கை. அதைக் கெட்டியாகப் பிடித்தால் பந்து பக்கத்திலேயே நிற்கும் ஷார்ட் லெக் ஃபீல்டர் கைக்கு நேராகத் தள்ளப்படும். கட்டைவிரலும் இரண்டு விரலும் மட்டும் பிடித்திருக்கிற அளவுக்குத் தளர்த்துங்கள், பந்து பேட்டில் பட்டு அங்கேயே செத்துக் காலடியில் விழ வேண்டும். பந்து விழுந்த இடத்தைப் பார்த்தாலே கை எவ்வளவு இறுகியிருந்தது என்று தெரிந்துவிடும்: காலடியில் விழுந்தால் சரி, இரண்டு எட்டு தள்ளி விழுந்தால் இன்னும் இறுக்கம்.

ஆட முடியாத அளவுக்கு எழும்பினால்? கையைக் கீழே போட்டு உடம்பில் வாங்கிக்கொள்வதும் ஒரு முடிவுதான். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் புஜாரா அதைத்தான் செய்தார், 211 பந்தில் 56 ரன், தோள், விலா, விரல், ஹெல்மெட் என்று பத்துத் தடவைக்கு மேல் அடி. அதைப் பார்த்து வீரம் என்று கைதட்டினோம், சரிதான், ஆனால் அதில் ஒரு கணக்கு இருந்தது. பேட்டை நீட்டினால் கிளவுஸில் பட்டுக் கேட்ச் போகும், நீட்டாவிட்டால் வலி மட்டும்தான். அவருக்கு அன்று ஐந்தாம் நாள் விக்கெட்டும் ஒரு தொடரும் கையில் இருந்தது. உங்களுக்கு லீக் மேட்சில் அந்த அளவுக்குத் தேவையில்லை, ஓவருக்கு ஒன்று பட்டால் போதும், அதுவும் செஸ்ட் கார்டு இருந்தால் மட்டும்.

இப்போது புல். விட வேண்டாம். ஷார்ட் பாலில் ரன் எடுக்க ஒரு வழியும் இல்லாதவனுக்கு பவுலர் அதையே போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் எந்தப் பந்துக்கு என்று சுருக்குங்கள்: இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே, மிடில் ஸ்டம்ப்பிலோ லெக் பக்கமோ வருவது. நெஞ்சுக்கு மேலே போனால் உங்களுடையது இல்லை. ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே ஷார்ட்டாக வந்தால் கட் பண்ணுங்கள், அதை இழுத்துப் புல் அடிக்கிற ஆசைதான் நின்று வரும் டர்ஃபில் மிட் ஆனில் கேட்ச் ஆவது. பின்னங்கால் பின்னால் போய் ஊன்றட்டும், முன்னங்கால் லெக் பக்கம் திறக்கட்டும், தலை பந்தின் கோட்டில் இருக்கட்டும், கை முழுக்க நீண்ட நிலையில் உடம்புக்கு முன்னால் பந்தைச் சந்தியுங்கள். பேட் மேலிருந்து கீழே வந்தால் பந்து தரையோடு போகும். மணிக்கட்டைச் சுழற்றுவது அதற்கு அப்புறம் தானாக வரும். உங்கள் இரண்டு டாப் எட்ஜும் பேட் கீழேயிருந்து மேலே போனதால் வந்திருக்கும், மேட்டிங்கில் அதே வீச்சில் மிட்விக்கெட்டுக்கு மேலே சிக்ஸ் கிடைத்திருக்கும், அதனால்தான் பழக்கமாகிவிட்டது.

ஹூக்கை மட்டும் இந்த சீசனுக்கு மூட்டை கட்டி வையுங்கள். ஹூக் கெட்ட ஷாட் என்று சொல்லவில்லை. அதே பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட் ஆடிய நம்ம வாஷிங்டன் சுந்தர், இலக்கைத் துரத்திக்கொண்டிருந்த நேரத்தில் பேட் கம்மின்ஸை ஹூக் பண்ணி சிக்ஸ் அடித்தாரே, அந்த ஷாட்டை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் வாவ் ஹூக்கை ஒதுக்கி வைத்துவிட்டு 10,000 ரன்னுக்கு மேல் எடுத்தார், 1995-இல் கிங்ஸ்டனில் ஆம்புரோஸ், வால்ஷ் பந்துவீச்சில் 200 அடித்தது அந்த ஷாட் இல்லாமல்தான். அசிங்கமாகத் துள்ளினார், பின்னால் சாய்ந்தார், பார்க்க அழகாகவே இருக்காது, அவுட் மட்டும் ஆகவில்லை. லெக் சைடில் பின்னால் இரண்டு பேர் எல்லைக் கோட்டில் நின்றால் அவர்கள் உங்கள் டாப் எட்ஜுக்காகத்தான் நிற்கிறார்கள், அந்த ஓவரில் புல்லையும்கூடக் கீழே உருட்டி ஒரு ரன் எடுத்து மறுமுனைக்குப் போய்விடுங்கள். ஒரு ரன்னைப் போல பவுன்சருக்கு மருந்து கிடையாது, மறுமுனையில் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

பயிற்சிக்கு வருவோம். உங்கள் கிளப்பில் லெதர் பந்தும் நெட்டும் மட்டும்தான் என்றால் அங்கே இதைத் தொடங்காதீர்கள், பயம் கூடும். ஹாஸ்டலில் சிமெண்ட் தளம் ஒன்று கண்டுபிடியுங்கள். டென்னிஸ் பந்தைத் தண்ணீரில் நனைத்தால் சிமெண்டில் வழுக்கி வேகமாக வரும், நண்பர் ஒருவர் பதினாலு பதினைந்து கெஜத்திலிருந்து எறிந்தால் போதும். ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள், டென்னிஸ் பந்துக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், கம்பி வழியாகப் பார்த்துப் பழக வேண்டும். முதல் வாரம் பேட்டால் அடிக்கவே கூடாது. பந்து கையை விட்டதும் "மேலே" அல்லது "கீழே" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், அப்புறம் விட வேண்டும், அவ்வளவுதான். பந்து குத்திய பிறகு சொன்னால் செல்லாது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இரண்டாவது வாரம் விலாவுக்கு எறியச் சொல்லிக் காலடியில் சாகடிப்பது. புல் அதற்கு அப்புறம்தான்.

பிறகு சிந்தெடிக் பந்தில் சைட்ஆர்ம், அதாவது பந்தை வைத்து வீசும் நீளக் கைப்பிடி. கையால் எறிவதைவிட நல்ல வேகம் கிடைக்கும், வீசுகிறவரின் தோளும் சீக்கிரம் போகாது. கடைசியாக லெதர். பவுலிங் மெஷினில் பவுன்சர் பழகுவதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. குழாயிலிருந்து வரும் பந்தில் கை கிடையாது, கையைப் பார்க்கப் பழக வேண்டியவனுக்கு அதில் என்ன இருக்கிறது? உடம்பை வேகத்துக்குப் பழக்க மட்டும் கொஞ்சம் உதவும். எதில் பழகினாலும் பத்துப் பந்தில் மூன்றுக்கு மேல் ஷார்ட் வேண்டாம், எப்போது வரும் என்றும் சொல்லக் கூடாது. தொடர்ந்து முப்பது பவுன்சர் ஆடிப் பழகினவன் முப்பத்தொன்றாவது பந்துக்கும் பின்னங்காலில் நிற்பான், அது யார்க்கராக வரும்.

உங்கள் கடிதத்தில் இதைச் சொல்லவில்லை, ஆனால் கடைசி சில இன்னிங்ஸை ஞாபகப்படுத்திப் பாருங்கள், ஷார்ட் பாலில் அவுட் ஆனதைவிட அதற்கு அடுத்த பந்தில் ஸ்லிப்பிலோ எல்பிடபிள்யூவிலோ அவுட் ஆனது அதிகமாக இருக்கும். பவுன்சர் ஒன்று, பின்னால் ஒதுங்கியவனுக்கு ஆஃப் ஸ்டம்ப்பில் ஃபுல்லாக ஒன்று, பந்துவீச்சில் இதைவிடப் பழைய திட்டம் கிடையாது. பவுன்சரை விட்டதும் ஸ்கொயர் லெக் நடுவர் பக்கம் இரண்டு எட்டு நடந்து போங்கள், கிளவுஸை இறுக்குங்கள், திரும்பி வந்து மிடில் ஸ்டம்ப் கார்டில் நின்று அடுத்த பந்து ஃபுல்லாக வரும் என்ற நினைப்போடு ஆரம்பியுங்கள். ஃபுல்லுக்குத் தயாராக இருப்பவனால் ஷார்ட்டுக்குப் பின்னால் போக முடியும். பின்னால் எடையை வைத்துக்கொண்டிருப்பவனால் முன்னால் வர முடியாது.

ஆறாவதாக இறங்குவது பற்றிக் கேட்டீர்கள். 1983-இல் கான்பூரில் மார்ஷல் பந்தில் கவாஸ்கரின் கையிலிருந்து பேட்டே பறந்தது. அடுத்த டெஸ்டில் டெல்லியில் அவர் ஹூக்கும் புல்லுமாக 94 பந்தில் சதம் அடித்தது வேறு கதை. அந்தத் தொடரின் கடைசி டெஸ்டுக்குச் சென்னை வந்தபோது தொடக்கத்தில் இறங்காமல் நான்காவதாகப் போனார். மார்ஷல் முதல் இரண்டு விக்கெட்டையும் எடுத்துவிட்டதால் அவர் சேப்பாக்கத்தில் இறங்கியபோது ஸ்கோர் பூஜ்யத்துக்கு 2. அவுட்டாகாமல் 236 எடுத்தார். இறங்கும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம், புதுப் பந்து எப்போது வந்து நிற்கும் என்பதை முடியாது. ஆறாவதாகப் போனால் வேகப் பந்தில் பழக உங்களுக்குக் கிடைக்கும் ஓவர்களும் குறையும். டாக்டர் சரி என்று சொல்லி, டென்னிஸ் பந்துப் பயிற்சி முடியும்வரை கேப்டனிடம் ஓய்வு கேளுங்கள், திரும்பி வந்தபின் சில மேட்சுக்கு மூன்றிலேயே இருங்கள். காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள், தலையில் அடிபட்டது என்று சொன்னால் புரிந்துகொள்ளாத கேப்டன் என்றால் கிளப் மாறுவதைப் பற்றி யோசிக்கலாம்.

லெதருக்கு வந்ததும் நெட்ஸில் ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். எல்லோரும் பக்கவாட்டில் நின்று எடுத்து அனுப்புகிறார்கள், அதில் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாது. பவுலருக்குப் பின்னால், நெட்டுக்கு வெளியே ஃபோனை நிறுத்தி, ஸ்டம்ப்பும் உங்கள் தலையும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள். நன்றாக அடித்த பந்துகளை மட்டும் வெட்டி ஒட்ட வேண்டாம், முழுசாக அனுப்புங்கள்.